கருவா, பயனரா? நினைவகச் சுவட்டின் வரலாறு

கணினியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் அதன் விரைவு பெருகிய வகையையும், உருவம் சிறுத்த வகையையும், விலை குறைந்த வகையையும் விரித்துரைத்துள்ளனர். அப்பொறியினுள்ளே நிகழ்வனவற்றை மனிதன் எவ்வாறு கண்டறிந்தான் என்னும் வரலாறோ அத்துணை பேசப்படுவதில்லை. கண்ணுக்குப் புலனாகாத விரைவில் இயங்கும் ஒன்றை அளந்தறிதல் எளிதன்று. இக்காலச் செயலி ஒரு செக்கனில் நூறு கோடிக்கு மேற்பட்ட முறை நினைவகத்தை நாடவல்லது. அந்நாட்டங்கள் ஒவ்வொன்றையும், எம்முகவரி நாடப்பட்டது, படித்தற்கா எழுதுதற்கா என்னும் குறிப்போடு, நிகழ்ந்த வரிசையிலேயே பதிந்து வைப்பின் அது நினைவகச் சுவடு எனப்படும்.

சுவட்டை ஆராய்வோன் முதற்கண் விடைகாண வேண்டிய வினா ஒன்றுண்டு. நினைவகத்தை நாடியது பயனரின் செய்நிரலா, அன்றிப் பணிசெயல் முறைமையின் கருவா என்பதே அது. மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு இது சிறு வினாவாகவே தோன்றும். ஆயினும் இதனைப் புறக்கணித்தமையால் ஆராய்ச்சி முடிவுகள் ஒருபுறம் சாய்ந்ததும், காவலென நம்பப்பட்ட மதில்கள் சரிந்ததும் வரலாறு காட்டும் உண்மைகள். அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வயலும் துருசும்

பொருளைத் தெளிவுபடுத்த நம் நாட்டு வயல்வெளி ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். ஈழத்தின் கீழ்க்கரையில், அக்கரைப்பற்று, திருக்கோவில் முதலிய ஊர்களை அடுத்து அமைந்தது சாகாமம். அங்குள்ள குளத்தின் பெயரும் அதுவே. இப்பகுதியின் நெல்வட்டைகளில் தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வேளாண்மை செய்துவருகின்றனர். வட்டைதோறும் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் பொறுப்பு நெடுங்காலமாக வட்டவிதானை என்பாரிடம் இருந்தது. உழவன் தன் வயலுக்குள் வரம்பு கட்டலாம், வெட்டலாம். குளத்தின் துருசைத் திறக்கும் உரிமையோ அவனுக்கில்லை. நீர் வேண்டுமாயின் வட்டவிதானையிடமே சொல்லுதல் வேண்டும். வட்டவிதானையோ துருசடிக்கும் செல்வார், வாய்க்காலிலும் நடப்பார், தேவை நேர்ந்தவிடத்து எவருடைய வயலிலும் இறங்குவார்.

கணினியின் ஆட்சியும் இத்தகையதே. பயனரின் செய்நிரல் தனக்கென வகுக்கப்பட்ட நினைவகப் பகுதியில் மட்டும் படிக்கவும் எழுதவும் உரிமையுடையது. கோப்பொன்றைப் படிக்கவோ, வலையமைப்பில் செய்தி அனுப்பவோ வேண்டின் அது கருவை வேண்டிக்கொள்ளுதல் வேண்டும். அவ்வேண்டுகோளே முறைமை அழைப்பு. அழைப்பு வந்ததும் செயலி பயனர் நிலையினின்று கருநிலைக்கு மாறுகின்றது. கருவோ தன் பகுதியையும் தொடும், பயனரின் பகுதியையும் தொடும். கோப்பிலிருந்து எடுத்த செய்தியைப் பயனரின் நினைவகத்தில் கொண்டுபோய் வைப்பது கருவின் அன்றாடக் கடமை.

இனி, வயலில் ஒரு காலடிச் சுவடு காணப்படுகின்றதெனக் கொள்வோம். அது வயற்காரனுடையதா, வட்டவிதானையுடையதா? சுவடு எவ்வயலில் உள்ளது என்பது கொண்டு இதனைத் துணிதல் இயலாது. ஏனெனில் இருவருமே அவ்வயலில் நடப்பவர்கள். எனவே தொடப்பட்ட இடம் யாருடையது என்பது ஒரு வினா, தொட்டவர் யார் என்பது வேறொரு வினா. முன்னையதற்கு முகவரி விடை தரும். பின்னையதற்குச் செயலி அக்கணத்தில் நின்ற நிலையே விடை தரும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே இத்துறையில் நேர்ந்த மயக்கங்கள் பலவற்றுக்கு மூலமாகும்.

இவ்விரு வினாக்களையும் சேர்த்து நோக்கின் நான்கு வகை நாட்டங்கள் தோன்றும். பயனர் தன் பகுதியைத் தொடுதல், கரு தன் பகுதியைத் தொடுதல், கரு பயனரின் பகுதியைத் தொடுதல், பயனர் கருவின் பகுதியைத் தொடுதல் என்பன அவை. இறுதியில் நின்றது விலக்கப்பட்டது. மூன்றாவது அனுமதிக்கப்பட்டதாயினும் ஆபத்து நிறைந்தது.

பிரிவினையின் தோற்றம்

தொடக்ககாலக் கணினிகளில் இப்பிரிவினை இருந்ததில்லை. ஒரு நேரத்தில் ஒரு செய்நிரலே ஓடியது. முழு நினைவகமும் அதன் உடைமையாகவே இருந்தது. பல செய்நிரல்கள் ஒரே பொறியைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கியபோதே காவலன் ஒருவன் வேண்டப்பட்டான்.

1962 ஆம் ஆண்டு திசெம்பர் 7 ஆம் நாள் இங்கிலாந்தின் மஞ்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் தொடக்கிவைக்கப்பட்ட அற்லஸ் கணினி இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ரொம் கில்பேர்ண் தலைமையில் உருவான அப்பொறியில் மேற்பார்வைச் செய்நிரல் ஒன்று அமைந்தது. அடுத்த அறிவுறுத்தல் எங்குள்ளது எனக் காட்டும் பதிவகம் அற்லஸில் மூன்றாக இருந்தது. பயனரின் செய்நிரலுக்கு ஒன்று, சிறப்புச் சேவைகளுக்கு ஒன்று, இடைமறிப்புகளுக்கு ஒன்று. எப்பதிவகம் தொழிற்படுகின்றது என்பதே ஆட்சி யாருடையது என்பதைக் காட்டிற்று. மேற்பார்வைக்கென ஒதுக்கப்பட்ட தனிச் சேமிப்பை முதலாவது பதிவகத்தின் ஆட்சியில் ஓடும் செய்நிரல் தொட இயலாது.

1964 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 360 வரிசைக் கணினிகள் இப்பிரிவினையை உலகெங்கும் பரப்பின. செய்நிரலின் நிலையைக் குறிக்கும் சொல்லில் ஒரேயொரு துவித இலக்கம் பயனர் நிலையையும் மேற்பார்வை நிலையையும் பிரித்துக்காட்டியது. காப்பு வசதி பொருத்தப்பட்ட பொறிகளில் 2,048 பைற்று கொண்ட ஒவ்வொரு நினைவகத் துண்டுக்கும் ஒரு பூட்டு எண் கொடுக்கப்பட்டது. செய்நிரலின் திறவுகோல் எண் அதனோடு ஒத்திருந்தாலன்றி எழுத இயலாது. 0 என்னும் திறவுகோலோ எல்லாப் பூட்டையும் திறக்கும். நிலை ஒருபுறம், உடைமை ஒருபுறம் எனத் தனித்தனியே வைக்கப்பட்ட இவ்வமைப்பு, மேற்கூறிய இரு வினாக்களும் வேறு வேறு என்பதைப் பொறியிலேயே பொறித்து வைத்ததாகும்.

1972 இல் வெளிவந்த பி.டி.பி. 11/45 என்னும் கணினி ஒருபடி மேற்சென்றது. இப்போது நிற்கும் நிலை யாது என்பதோடு, இதற்கு முன் நின்ற நிலை யாது என்பதையும் அதன் நிலைச்சொல் குறித்துவைத்தது. முன் நின்ற நிலையின் முகவரி வெளியிலிருந்து படிக்கவும், அதனுள் எழுதவும் தனி அறிவுறுத்தல்கள் அமைக்கப்பட்டன. கரு பயனரின் வயலில் இறங்கும்போது, இறங்குகின்றேன் என வாய்விட்டுச் சொல்லி இறங்கும் முறை இது. யுனிக்ஸ் முறைமையின் கருவும் அப்பொறியில் பயனரின் சொற்களை இவ்வறிவுறுத்தல்கள் கொண்டே எடுத்தும் வைத்தும் வந்தது.

1977 இல் தோன்றிய வாக்ஸ் 11/780 நான்கு நிலைகளைக் கொண்டிருந்தது. அதன் முகவரி 32 துவித இலக்கம் உடையது. வெளியின் மேற்பாதி முறைமைக்கும் கீழ்ப்பாதி பயனருக்குமெனப் பங்கிடப்பட்டது. முகவரியைப் பார்த்த மாத்திரத்தே அது யார் பகுதி எனச் சொல்லிவிடலாம். இவ்வெளிமையே பின்வந்தோர் பலரை, முகவரி மேற்பாதியில் இருப்பின் தொட்டது கரு என்றும், கீழ்ப்பாதியில் இருப்பின் தொட்டது பயனர் என்றும் எண்ணச் செய்தது.

பதிவில் விடுபட்ட பாதி

நினைவகத்தின் வேகம் செயலியின் வேகத்துக்கு ஈடுகொடுக்காத நிலையில், அடிக்கடி வேண்டப்படுவனவற்றை அருகில் வைத்திருக்கும் பதுக்கு நினைவகம் தோன்றியது. 1968 இல் ஐ.பி.எம். 360 வரிசையின் 85 ஆம் மாதிரி அதனை வணிகப் பொறியாகக் கொணர்ந்தது. பதுக்கின் பருமன் எவ்வளவாக இருத்தல் வேண்டும், அதனை எவ்வாறு பகுத்தல் வேண்டும் என்பவற்றை ஆராய நினைவகச் சுவடுகள் தேவைப்பட்டன.

சுவடு பிடிக்கும் பழைய முறைகளுள் ஒன்று, ஒவ்வோர் அறிவுறுத்தல் முடிந்ததும் செயலியை இடைநிறுத்திப் பார்ப்பது. இம்முறையில் பெருங் குறையொன்று இருந்தது. இடைநிறுத்தத்தை ஏற்றுக் குறித்துக்கொள்வதற்கே கருவின் துணை வேண்டும். குறிப்பவனே தன் நடையையும் குறித்தல் அரிது. எனவே பயனரின் செய்நிரல் தொட்டவை மட்டுமே ஏட்டில் ஏறின. முறைமை அழைப்பு நேர்ந்தவுடன் ஏடு மூடப்பட்டது. கரு தன் வேலையை முடித்துத் திரும்பியபின்னரே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட நாட்டங்கள் நிகழாதனபோல் ஆயின. வயலோரத்தில் மட்டும் நீரளந்து, பெருவாய்க்காலில் ஓடிய நீரை எண்ணாது விட்டு, குளத்தின் கொள்ளளவை வகுக்க முயல்வது போன்றது இது.

இக்குறையைத் தீர்த்த முயற்சிகளுள் தலையாய ஒன்றில் சென்னையில் பயின்ற மாணவர் ஒருவர் முன்னின்றார். மேற்கு ஜேர்மனியின் உதவியோடு 1959 இல் நிறுவப்பட்டது சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம். 1973 இல் ஐ.பி.எம். 370/155 கணினி அங்கு நிறுவப்பட்டது. அம்மாதிரியில் மேற்பார்வை நிலை, பயனர் நிலை, பூட்டு எண் ஆகிய மூன்றோடு பதுக்கு நினைவகமும் அமைந்திருந்தது. அக்கழகத்தில் மின்பொறியியல் கற்று 1982 இல் பட்டம் பெற்ற ஆனந்த் அகர்வால், பின் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மேற்கொண்டார்.

1986 இல் அகர்வால், றிச்சர்ட் சைற்ஸ், மார்க் ஹோரோவிற்ஸ் ஆகிய மூவரும் அற்றம் என்னும் முறையை வெளியிட்டனர். வாக்ஸ் 8200 செயலியின் அறிவுறுத்தல் ஒவ்வொன்றும் அதனினும் நுண்ணிய கட்டளைகளால் நடத்தப்பட்டது. அந்நுண்கட்டளைகளையே மாற்றியமைத்து, நினைவகம் நாடப்படுந்தோறும் அம்முகவரியை ஒதுக்கிவைத்த ஓரிடத்தில் எழுதுமாறு செய்தனர். நுண்கட்டளை கருவுக்கும் கீழே நிற்பது. பயனர் ஓடினும் கரு ஓடினும் அதன் வழியாகவே ஓடுதல் வேண்டும். எனவே எவர் நடந்தாலும் சுவடு பதிந்தது. பொறியின் வேகம் ஏறத்தாழ 20 மடங்கே குறைந்தது. அறிவுறுத்தல்தோறும் இடைநிறுத்தும் பழைய முறையோடு ஒப்பிடின் இது சிறு இழப்பே.

இவ்வாறு பெற்ற சுவடுகளைக் கொண்டு அகர்வால், ஜோன் ஹெனஸி, ஹோரோவிற்ஸ் ஆகியோர் 1988 இல் வெளியிட்ட ஆய்வு துறையினரின் எண்ணத்தை மாற்றிற்று. பணிசெயல் முறைமையின் நாட்டங்களும், பல செய்நிரல்கள் மாறிமாறி ஓடுதலும் பதுக்கின் திறனைக் கணிசமாகக் குறைக்கின்றன என அவர்கள் நிறுவினர். பதுக்கு பெரிதாகுந்தோறும் இவ்விழப்பின் பங்கும் பெரிதாகின்றது என்பது அவர்களின் முடிவு. செய்நிரல்கள் மாறுவதால் வரும் இழப்பை வன்பொருளில் சிறு மாற்றங்கள் செய்து குறைக்கலாம் என்றும், கருவால் வரும் இழப்புக்கோ செய்யக்கூடியது குறைவே என்றும் அவர்கள் கண்டனர். பயனர் சுவட்டை மட்டும் நம்பிப் பதுக்கை வகுத்தோர், மெய்ப்பொறியில் தாம் எதிர்பார்த்த திறனைக் காணாததன் காரணம் இதனால் விளங்கிற்று. அகர்வால் பின்னர் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியரானார்.

நிலையும் ஏமாற்றும்

முகவரியை நம்புதல் தவறெனின், நிலையைக் காட்டும் இலக்கத்தை நம்பினால் போதுமோ என்னும் ஐயம் எழலாம். அதுவும் எங்கும் போதுவதன்று என்பதற்கு இரண்டு சான்றுகள் காட்டலாம்.

1972 இல் ஐ.பி.எம். வெளியிட்ட வி.எம். 370 ஒரு பொறியினுள் பல பொறிகள் இருப்பதாகத் தோற்றுவித்தது. அத்தோற்றப் பொறியில் ஓடிய பணிசெயல் முறைமை தன்னை மேற்பார்வை நிலையில் நிற்பதாகவே கருதிற்று. மெய்ப்பொறியிலோ அது பயனர் நிலையிலேயே ஓட்டப்பட்டது. மெய்ப்பொறியின் இலக்கத்தை மட்டும் நோக்குபவன் ஒரு கருவின் செயல் முழுவதையும் பயனர் கணக்கில் எழுதிவிடுவான்.

மற்றையது மாக் என்னும் சிறுகரு முறைமை. கோப்பு முதலிய சேவைகளைக் கருவினின்று பிரித்துப் பயனர் நிலையில் ஓடும் பணியாளனிடம் ஒப்படைத்தது அது. 1993 இல் பிறட்லி சென், பிறயன் பேர்ஷட் ஆகியோர் மாக் முறைமையையும் அல்ரிக்ஸ் முறைமையையும் நினைவக நோக்கில் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். இத்தகைய ஒப்பீட்டில், அல்ரிக்ஸில் கருநிலையில் நிகழும் வேலை மாக்கில் பயனர் நிலையில் நிகழ்கின்றது. நிலை காட்டுவது அதிகாரத்தை மட்டுமே. யாருக்காக அவ்வேலை நடக்கின்றது என்பதை அன்று. அதனை அறியச் செய்நிரலின் அடையாளமும் சுவட்டில் இடம்பெறுதல் வேண்டும்.

முகவரியை நம்புதலும் பின்னாளில் மேலும் கடினமாயிற்று. இன்ரெல் வகைச் செயலிகளில் ஓடும் 64 இலக்க லினக்ஸில் மேற்பாதி கருவுடையது. ஆயினும் நேரங்கேட்டல் முதலிய சில சேவைகளுக்கெனப் பயனர் நுழையத்தக்க ஒரு பக்கம் அம்மேற்பாதியிலேயே வைக்கப்பட்டிருந்தது. ஐ.பி.எம். பெருங்கணினிகளில் ஓடும் லினக்ஸிலோ கருவெளியும் பயனர்வெளியும் முற்றும் வேறானவை. ஒரே எண்ணுடைய முகவரி இரண்டு வெளியிலும் உண்டு. அங்கே முகவரி எண்ணை மட்டும் எழுதிவைத்த சுவடு பொருளற்றதாகும்.

இக்காலக் கருவிகள்

இன்று சுவடு பிடிக்கும் கருவிகள் எளிதிற் கிடைக்கின்றன. ஆயினும் ஒவ்வொன்றின் எல்லையையும் அறிந்தே கையாளுதல் வேண்டும். வல்கிரைண்ட், பின் என்னும் கருவிகள் பயனரின் செய்நிரலை மட்டுமே பின்தொடர்வன. அவற்றின் சுவட்டில் கருவின் நாட்டம் இல்லையெனின், கரு நினைவகத்தைத் தொடவில்லை என்பது அதன் பொருளன்று. பபிறிஸ் பெலார்ட் உருவாக்கிய கியூ.ஈ.எம்.யூ. போன்ற போலிப்பொறிகள் கருவையும் சேர்த்தே ஓட்டுகின்றன. முகவரியை மொழிபெயர்க்கும்போதே எந்நிலையின் பெயரால் அந்நாட்டம் நிகழ்கின்றது என்பதையும் அப்போலிப்பொறி அறிந்திருத்தல் வேண்டும். இன்ரெல் செயலிகளின் நிகழ்வு எண்ணிகளில் பயனர் நிலைக்கு ஓர் இலக்கமும் கருநிலைக்கு ஓர் இலக்கமும் உள்ளன. 2009 இல் லினக்ஸுடன் சேர்ந்த பெர்ஃப் என்னும் கருவி அவற்றைக் கொண்டே தனித்தனி எண்ணிக்கை தருகின்றது.

சென்னைக் கழகத்தின் பங்கு 1988 ஓடு முடிந்துவிடவில்லை. அங்கு காமகோடி தலைமையில் உருவாகிய சக்தி என்னும் செயலி 2018 இல் சில்லாக வடிக்கப்பட்டது. றிஸ்க் 5 என்னும் திறந்த வரைவைத் தழுவியது அது. அவ்வரைவில், தான் இப்போது எந்நிலையில் நிற்கின்றேன் எனச் செய்நிரல் நேரே படித்தறியத்தக்க பதிவகம் எதுவுமில்லை. முன் நின்ற நிலையே பதிந்து வைக்கப்படுகின்றது. ஆதலின் சுவடு பிடிப்போன் நிலையைச் செயலியின் உள்ளிருந்தே பெறுதல் வேண்டும். அவ்வரைவுக்கென வகுக்கப்பட்ட சுவட்டு விதிகளும் ஒவ்வோர் அறிவுறுத்தலோடும் நிலையைச் சேர்த்தே செயலியிடமிருந்து கேட்கின்றன.

காவல் சரிந்த கதை

இதுகாறும் கூறியது அளவையைப் பற்றியது. இதே வினா பாதுகாப்பையும் தொடுகின்றது. பயனர், ‘இம்முகவரியில் எழுதித் தருக’ எனக் கருவை வேண்டும்போது, அம்முகவரி பயனருடையதுதானா எனக் கரு ஆராய்தல் வேண்டும். ஆராயாது எழுதின், பயனரின் சொற்படி கரு தன் பகுதியையே அழித்துக்கொள்ளும். 2008 பெப்புருவரியில் லினக்ஸின் வி.எம். ஸ்பிளைஸ் என்னும் முறைமை அழைப்பில் இத்தகைய சோதனை விடுபட்டிருந்தமை வெளிப்பட்டது. சாதாரணப் பயனர் ஒருவர் முறைமையின் முழு அதிகாரத்தையும் பெற அக்குறை வழிதந்தது.

இதன் மறுதலையான ஆபத்தும் உண்டு. கரு தன் பகுதியெனக் கருதிப் பயனரின் பகுதியைத் தொட்டு ஏமாறலாம். இதனைத் தடுக்க இன்ரெல் 2014 முதல் தன் செயலிகளில் ஒரு காப்பைச் சேர்த்தது. பயனரின் பகுதியைக் கரு தொட வேண்டின் முதலில் அக்காப்பை விலக்கித் தொட்டபின் மீண்டும் இடுதல் வேண்டும். ஆர்ம் செயலிகளில் கரு பயனரின் அதிகாரத்தோடு மட்டும் படிக்கவும் எழுதவும் தனி அறிவுறுத்தல்கள் உள்ளன. 1972 இல் பி.டி.பி. 11/45 கண்ட வழி நாற்பதாண்டின் பின் வேறு வடிவில் மீண்டதெனலாம்.

நான்காவது வகையாகிய விலக்கப்பட்ட நாட்டமும் உண்மையில் நிகழ்ந்துகொண்டிருந்தமை 2018 சனவரியில் உலகுக்குத் தெரியவந்தது. மெல்ற்டவுண் எனப் பெயர்பெற்ற அக்குறையில், செயலி விரைவு கருதி உரிமைச் சோதனை முடியுமுன்பே கருவின் நினைவகத்தைப் பயனர் செய்நிரலுக்காகப் படித்துவைத்தது. பின் சோதனையில் தவறு கண்டு அவ்வறிவுறுத்தலைக் கைவிட்டது. ஆனால் பதுக்கில் ஏறிய தடம் அழியவில்லை. அத்தடத்தைக் கொண்டு கருவின் இரகசியம் கவரப்பட்டது. நிறைவேறிய அறிவுறுத்தல்களை மட்டும் பதியும் எச்சுவட்டிலும் அந்நாட்டம் இடம்பெறாது. இதற்குப் பரிகாரமாக, பயனர் ஓடும்போது கருவின் பக்கங்களிற் பெரும்பாலானவை முகவரி அட்டவணையிலிருந்தே நீக்கப்பட்டன.

இவற்றை ஒருங்குவைத்து நோக்கின் ஓருண்மை புலனாகும். சுவடு என்பது தானே பேசும் சான்றன்று. எவ்விடத்தில் நின்று பதியப்பட்டது, எவ்வளவு விடுபட்டது, பதிந்தவனுக்கு நிலையும் முகவரியும் செய்நிரலின் அடையாளமும் தெரிந்தனவா என்பன அறிந்தபின்னரே அது சான்றாகும். சாகாமம் போன்ற ஊர்களிலிருந்து ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் சென்று கணினி கற்கும் மாணவனும், சென்னையிற் கற்கும் மாணவனும் இன்று ஒரு மடிக்கணினியில் போலிப்பொறியை நிறுவி, 1986 இல் செயலியின் நுண்கட்டளையையே மாற்றிப் பெறவேண்டியிருந்த சுவட்டைச் சிறிது நேரத்திற் பெற்றுவிடலாம். பெற்றபின் ஒவ்வொரு வரிக்கும் நேரே இரண்டு நிரல்களை அவன் வரைந்துகொள்வானாக. ஒன்றில் இடம் யாருடையது என்றும், மற்றதில் தொட்டவர் யார் என்றும் எழுதுக. இரண்டும் மாறுபடும் வரிகளே அவன் நின்று நிதானித்துப் படிக்கவேண்டியவை.